இறங்கும் திசை

மரிபோர், ஜூன் 21

அன்புள்ள வீதா அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? அம்மா சொல்லிக்குடுத்தபடியே ஆரம்பிச்சிருக்கேன், பாத்துக்கோ. மொதல்ல நலம் கேக்கணும், கடைசில நலம் சொல்லணும், நடுவுல எவ்வளவு வேணா திட்டிக்கலாம்.

இப்ப நடுவு. உனக்கு மூளை இருக்கா?

காலைல எழுந்து வந்தா மேஜை மேல ரொட்டி. ரொட்டி மேல சீட்டு. "மலைக் குடிலைப் பாத்துக்க ஆள் கேட்டாங்க. போறேன். அக்டோபர்ல மூடற வரைக்கும் இருப்பேன்." அவ்வளவுதான். பல்லு கூட வெளக்கல நான், அந்தச் சீட்ட வச்சுக்கிட்டு படிக்கட்டுல போய் உக்காந்துட்டேன். ரெண்டாம் மாடி யோஷிட்சா பாட்டி கம்பளிய தட்டறத நிறுத்திட்டு, "யாருடா செத்துட்டாங்க?"ன்னு கேட்டா.

நீ மலைமீட்புப் படையில இருந்தவதான். ஒத்துக்கறேன். யாரையோ தூக்கப் போய் பாறை விழுந்து நரம்பு அறுந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பாதம் தானா மேல எழும்பாது, விரல் தொங்குது. ஆஸ்பத்திரில குடுத்த பிளாஸ்டிக் பட்டைய மாட்டிக்கிட்டு நீ மேல ஏறிட்டன்னு அடிவாரத்துலேருந்து சிரில் மாமா போன்ல சொன்னாரு. சரி, ஏறிடலாம். அந்தப் பட்டை பாதம் தொங்காம பிடிச்சுக்கும். எறங்கறது எப்படி அக்கா? எறங்கறப்ப முழங்கால் முன்னால சாயணும், கணுக்கால் அதுக்கு எடம் குடுக்கணும். அந்தப் பட்டை எந்தப் பக்கமும் எடம் குடுக்காது. உன்னத் தூக்கி முன்னால எறியும். நம்ம வீட்டு மாடிப்படிலயே எறங்க முடியாம நான் முதுகுல சுமந்துக்கிட்டு எறங்கினது மறந்துபோச்சா?

மேல ஏறிட்டு எறங்க வழி இல்லாம உக்காந்திருக்க. பூனை மாதிரி.

சரி, நான் ஒண்ணு செய்யறேன். டாமியானை ஞாபகம் இருக்கா? காலேஜ்ல என் கூட சண்டை போட்டுக்கிட்டே இருப்பானே, இப்ப அங்கயே ஆராய்ச்சி பண்றான். அவன் லேபுல சாயங்காலம் போய் உக்காந்துக்கறேன். படிப்ப விட்டவன உள்ள விடறதே பெரிசு. அங்க 3D பிரிண்டர்ல அச்சடிக்கற பொருள் எல்லாம் விசித்திரம். ஒரு பக்கம் அமுக்கினா கல்லு, இன்னொரு பக்கம் அமுக்கினா பஞ்சு. உனக்கு வேண்டியது அதுதான்.

பட்டைக்கு அளவெடுத்த உன் காலோட பிளாஸ்டர் அச்சு என்கிட்டதான் இருக்கு. ஜன்னலோரம் நிக்க வச்சிருக்கேன். குளிருமேன்னு உன் கம்பளி சாக்ஸ் ஒண்ண போட்டு விட்டேன்.

அங்க சிக்னல் கெடையாது, ரேடியோல பேசினா பள்ளத்தாக்கே கேக்கும். அதனாலதான் கடுதாசி. குடிலுக்கு சாமான் இழுக்கற விஞ்சுல மாவு மூட்டையோட ஏத்தி விடறேன்னு சிரில் மாமா சொல்லியிருக்காரு.

இங்க எல்லாம் நலம்.
லோவ்ரோ


குடில், ஜூலை 2

அன்புள்ள தம்பி லோவ்ரோவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது நீ வேலை பார்க்கிற கடையில் மிஞ்சிய அடுக்குரொட்டி பூரெக்கோடு காலம் ஓடுகிறதா?

உன் கடிதம் பீர்ப் பெட்டிக்கும் மாவு மூட்டைக்கும் நடுவே நசுங்கி வந்து சேர்ந்தது. சமையல்காரி மிலேனா அதை மோந்து பார்த்துவிட்டு, "வெங்காய வாடை அடிக்குது, காதலனா?" என்றாள். தம்பி என்றேன். "அப்ப வெங்காயம்தான்" என்றாள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பார்லியும் பீன்ஸும் அடுப்பில் ஏறும். மத்தியானம் ஏறி வருகிறவர்களுக்கு அதைப் பரிமாறுவேன். படுக்கை விரிப்புகளை மாற்றுவேன். எல்லாம் ஒரே தளம், படியே கிடையாது. சாயங்காலம் காற்று நின்றால் பள்ளத்தாக்கில் ரயில் கூவுவது கேட்கிறது. வாசலுக்கு வந்து கேட்பேன், அது சுரங்கத்துக்குள் போகிற வரைக்கும். பிறகு உள்ளே வந்துவிடுவேன். ஒரு குறையும் இல்லை.

பட்டை எதுவும் செய்ய வேண்டாம். நான் இறங்க வேண்டிய அவசியம் இப்போது என்ன இருக்கிறது? அந்தச் சாயங்காலங்களைப் படிப்புக்குச் செலவிடு. திரும்பச் சேர விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார்களே. தேர்வு எப்போது?

எல்லோரையும் கேட்டதாகச் சொல். இங்கே நலம்.

உன் அக்கா
வீதா

பி.கு: எந்த சாக்ஸ்?


மரிபோர், ஜூலை 19

அன்புள்ள அக்கா,

நலம், நலம் அறிய ஆவல். சிவப்பு சாக்ஸ். குதிகால்ல ஓட்டை இருக்குமே, அது.

செய்ய வேண்டாம்னு எழுதற, கீழயே எந்த சாக்ஸ்னு கேக்கற. எதுக்கு பதில் சொல்றதுன்னு பாத்தேன். சாக்ஸுக்கு பதில் சொல்லிட்டேன். பட்டைய செஞ்சு முடிச்சுட்டேன். இந்தப் பெட்டில இருக்கு.

கையில எடுத்து வெளிச்சத்துல பாரு. உள்ள பூரா குட்டிக் குட்டி அறை, தேன்கூடு மாதிரி. ஆனா செவுரெல்லாம் உள்பக்கமா வளைஞ்சிருக்கும். பிளாஸ்டிக் சாதா பிளாஸ்டிக்தான். விஷயம் எல்லாம் ஓட்டையோட வடிவத்துல இருக்கு. இதுக்கு லேபுல மெட்டாமெட்டீரியல்னு பேரு வச்சிருக்கானுங்க. ஃபத்மிருக்கு, அதான் என் முதலாளிக்கு, வெளக்கிக்கிட்டிருந்தேன்.

"பாருங்க பாஸ், பூரெக்க மேலேருந்து அமுக்கினா அமுங்குது. பக்கத்துலேருந்து குத்தினா விரல் வலிக்குது. ஒரே மாவு, ஒரே வெண்ணெய். அடுக்கு எப்படி இருக்குங்கறதுதான் கணக்கு."

"எங்கப்பன் சொல்லாத விஷயத்த நீ சொல்லிட்ட"ன்னாரு. "இப்ப போய் மேஜை தொடை."

உன் பட்டையும் அதேதான். விரல் கீழ தொங்கற பக்கம் விறைப்பு, விடவே விடாது. முழங்கால் முன்னால சாயற பக்கம் மெத்துனு எடம் குடுக்கும். பக்கவாட்டுல ஆடாது. நான் கண்டுபிடிச்ச தந்திரம் ஒண்ணு இருக்கு, அது இந்தக் குமிழ். அறைக்குள்ள எல்லாம் ஒரு மீன்பிடி நூல் ஓடுது. வலப்பக்கம் திருப்பினா நூல் இறுகி செவுரும் செவுரும் முட்டிக்கும், முன்பக்கமும் விறைப்பாயிடும். அது ஏற. இடப்பக்கம் திருப்பினா நூல் தளரும். அது எறங்க. ஏத்தத்துக்கு ஒரு கீறல், எறக்கத்துக்கு ரெண்டு கீறல் போட்டிருக்கேன். கண்ண மூடிக்கிட்டு தடவினாலே தெரியும்.

லேப் மெஷின்ல மாட்டி விடிய விடிய மடக்கிப் பாத்தாச்சு. ஒரு அறை கூட கிழியல. டாமியான் வாயத் தொறந்து "மோசமில்ல"ன்னுட்டான். அவன் அப்படிச் சொன்னா கல்யாணத்துக்கே சம்மதம் சொன்ன மாதிரி.

மொதல்ல சமதரையில நட. அப்புறம் சரிவு. குதிச்சு ஆட்டம் போடாத.

வீடு ரொம்ப அமைதியா இருக்கு. நீ படில ஏறறப்ப விசில் அடிப்பியே, கால் அடிபடறதுக்கு முந்தி, அது இப்பல்லாம் ஞாபகம் வருது. ஏன்னு தெரியல.

தேர்வு பத்தி கேட்டிருந்த. இங்க வெயில் ஜாஸ்தி.

நலம்.
லோவ்ரோ


குடில், ஆகஸ்ட் 6

என் அன்புத் தம்பிக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று நீயே கேள்.

கொடிக்கம்பம் வரைக்கும் இறங்கினேன்.

குடிலுக்குக் கீழே புல்சரிவில் ஒரு கொடிக்கம்பம் இருக்கிறது. இத்தனை நாள் மிலேனாதான் காலையில் போய்க் கொடியை ஏற்றுவாள். நேற்று நான் போனேன். குமிழைத் தடவி இரண்டு கீறலுக்குத் திருப்பினேன். முதல் அடி வைத்தேன். முழங்கால் முன்னால் போயிற்று, கணுக்கால் அதற்கு இடம் விட்டது. பாதம் தரையைத் தேடிப் போய் உட்கார்ந்தது. அடுத்த காலைத் தூக்கும்போது விரல் தொங்கவில்லை. நின்று அழலாமா என்று யோசித்தேன். மிலேனா வாசலில் நின்று, "கொடி ஏத்தப் போனியா, கொடியாவே நிக்கப் போனியா?" என்று கத்தினாள். ஏற்றிவிட்டு வந்தேன்.

இப்போது தினமும் நான்தான் போகிறேன்.

யோஷிட்சா பாட்டி நலமா? நம் சமையலறைக் குழாய் இன்னும் இருமுகிறதா? த்ராவா ஆற்றில் பழைய பாலத்துக்கடியில் படகுக்காரர்கள் சாயங்காலம் வருகிறார்களா? நான் ஏன் இதையெல்லாம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இங்கிருந்து எல்லாம் தெரிகிறது, நம் ஊரைத் தவிர. அது மலைக்குப் பின்னால் போய்விட்டது.

ஆகஸ்ட் கடைசியில் இங்கே ஆள்கூட்டம் குறையும். வேலை அதிகம் இருக்காது.

தேர்வுக்குப் பெயர் கொடுத்தாயா?

எல்லாம் நலம். மிக நலம்.
வீதா


மரிபோர், ஆகஸ்ட் 14

அக்கா அக்கா அக்கா,

நலமா கிலமா எல்லாம் அப்புறம். கொடிக்கம்பம்! கடையில கத்திப் படிச்சேன். ஃபத்மிர் வரிசைல நின்னவங்களுக்கெல்லாம் தயிர் இலவசம்னுட்டாரு. அப்புறம் வருத்தப்பட்டாரு.

குழாய் இருமுது. படகுக்காரனுங்க வர்றானுங்க. பாட்டி நலம், நீ எப்ப வருவன்னு என்ன நச்சரிக்கறா. உன் ரூம் ஜன்னலைத் தொறந்து வச்சிருக்கேன். உன் சைக்கிளுக்கு காத்து அடிச்சு வச்சிருக்கேன். சும்மாதான்.

ஆகஸ்ட் கடைசில வேலை இருக்காதுன்னு எழுதியிருக்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நீ சொல்ல மாட்ட. நாள மட்டும் சொல்லு, நான் விஞ்சு பக்கத்துல கையில சுடச்சுட பூரெக்கோட நிக்கறேன்.

நலம். நலம். நலம்.
லோவ்ரோ


மரிபோர், செப்டம்பர் 4

அன்புள்ள அக்கா,

நலமா?

ஆகஸ்ட் போயிடுச்சு. கடுதாசி இல்ல. சிரில் மாமாவ கேட்டா "மேல மொதல் பனி விழுந்துச்சு, அப்புறம் கரைஞ்சுச்சு, விஞ்சு ஓடுது, உங்கக்கா ஒண்ணும் குடுத்து விடல"ங்கறாரு. உடம்பு சரியில்லையான்னேன். "மேல விஞ்சுல சாமான் எடுக்க அவ வர்றதில்லையாம், அந்தச் சமையல்காரிதான் வர்றாளாம்"னாரு.

நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?

இங்க நலம்.
லோ.


குடில், செப்டம்பர் 10

அன்புள்ள லோவ்ரோவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

வேலை அதிகமாக இருந்ததால் எழுத முடியவில்லை. மன்னிக்கவும். நீ அனுப்பிய பட்டை கிழிந்துவிட்டது. மேலே பனித்திட்டில் தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்கப் போனபோது கிழிந்தது. பழையதையே போட்டுக்கொள்கிறேன், அது போதுமானது. கிழிந்ததை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பிளாஸ்டிக் ஏதாவதற்கு உதவும். புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

குளிர்காலத்திலும் இங்கே ஒருவர் தங்கி, கூரையில் பனி சேராமல் பார்த்து, வானிலைக் கருவிகளைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று மலையேறுவோர் சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். நான் சம்மதிக்கலாம் என்று இருக்கிறேன். வசந்தம் வரைக்கும்.

என் அறையை யாருக்காவது வாடகைக்கு விடு. ஜன்னலை மூடி வை, மழை வரும்.

தேர்வு எப்போது?

நலம்.
வீதா


மரிபோர், செப்டம்பர் 15

அக்கா,

நலம் கேக்க மாட்டேன். நீ நலமா இல்ல. எனக்குத் தெரியும்.

பொய் சொல்றதுன்னா கிழிஞ்சத குப்பையில போட்டிருக்கணும். எனக்கே அனுப்பிட்டு பொய் சொல்ற. இத செஞ்சவன் நான். ஒவ்வொரு அறையையும் எனக்குத் தெரியும்.

பனித்திட்டு எங்க இருக்கு? குடிலுக்கு மேல. நீயே எழுதியிருக்க. மேல ஏறறவ குமிழ ஒரு கீறல்ல வச்சிருப்பா. பட்டை என் கைக்கு வந்தப்ப குமிழ் ரெண்டு கீறல்ல நின்னுது. ஓரமா கல்லு அடிச்சு நசுங்கியிருக்கு, நகரவே மாட்டேங்குது. ரெண்டாவது, கிழிஞ்சது எல்லாம் குதிகாலுக்கு மேல பின்பக்க வரிசை. முழங்கால் முன்னால சாயறப்ப இழுபடற வரிசை அது. ஏறறப்ப அதுக்கு வேலையே இல்ல. மூணாவது, கிழிசல் நடுவுல ஆரம்பிச்சு இடப்பக்கமா ஓடியிருக்கு. இடப்பக்கம் சாஞ்சு விழுந்திருக்க.

நீ எறங்கியிருக்க. விழுந்திருக்க. எனக்கு எழுதல.

கோவத்துல அதத் தூக்கிக்கிட்டு டாமியான் கிட்ட போனேன். "உன் மெஷின் பொய் சொல்லிடுச்சுடா. விடிய விடிய மடக்கினப்ப ஒண்ணும் ஆகல."

வாங்கிப் பாத்தான். லென்ஸ் வச்சுப் பாத்தான்.

"லோவ்ரோ, இது கிழியல. ஒடஞ்சிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானடா."

"இல்லடா. கிழிஞ்சா மொதல்ல நீளும், நுனி வெளுத்து நூல் நூலா நிக்கும். இது பிஸ்கட் மாதிரி பட்டுனு போயிருக்கு. உங்கக்கா இருக்கற எடத்துல என்ன குளிர்?"

பட்டைய அவன் கையிலேருந்து வாங்கி மேஜை மேல வச்சேன் அக்கா.

"நம்ம லேபுல ஹீட்டர் போட்டு சட்டையோட உக்காந்து மடக்கிப் பாத்த. அவங்க பனியில நடந்திருக்காங்க. இந்தப் பிளாஸ்டிக் குளிர்ல எல்லாப் பக்கமும் விறைச்சுக்கும். மெத்துனு இருக்க வேண்டிய பக்கமும் கல்லாயிருக்கும். நீ திசை வச்சு கட்டினது எல்லாம் போச்சு."

மலை மேல இருக்கறவளுக்கு பட்டை செஞ்சேன். குளிர யோசிக்கல. ஜன்னலோரம் உன் பிளாஸ்டர் காலுக்கு சாக்ஸ் மாட்டத் தெரிஞ்சுது எனக்கு. இது தெரியல.

குளிர் இருக்கற நேரம்னா விடியக்காலை. யாரும் எழுந்திருக்காத நேரம். அன்னிக்கு மொதல் பனி விழுந்திருக்கு. அந்த நேரத்துல எங்க கெளம்பின அக்கா?

பதில் போடு. நலம்னு மட்டும் எழுதாத.
லோவ்ரோ


குடில், செப்டம்பர் 24

அன்புத் தம்பிக்கு,

நலம் என்று எழுதாதே என்கிறாய். வேறெப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா அதைச் சொல்லித்தரவில்லை.

உன்னிடம்தான் கிளம்பினேன். சாயங்காலம் கடை மூடுவதற்குள் வந்து வரிசையில் நின்று, உன் முன்னால் வந்ததும் "சீஸ் பூரெக் ஒன்று" என்று கேட்பதாகத் திட்டம். பல நாள் அதையே யோசித்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். நீ தலை நிமிராமல் "தயிர் வேணுமா?" என்று கேட்பாய். அதுவரைக்கும் யோசிப்பேன், அதற்குமேல் யோசிக்க மாட்டேன்.

யாரும் பார்க்காமல் இறங்க வேண்டும் என்றுதான் விடியலில் கிளம்பினேன். பனி லேசாகத்தான் இருந்தது. இரும்புக் கயிறு கட்டிய பாறை வரைக்கும் நன்றாகப் போனேன். அங்கே கால் மடங்கவில்லை. பழைய பட்டையைப் போலவே என்னை முன்னால் எறிந்தது. கயிற்றைப் பிடித்ததால் பாறைக்கு மேலேயே கிடந்தேன். தோளும் இடுப்பும் நீலம் பாய்ந்தன, இப்போது ஆறிவிட்டன. வலி பெரிதில்லை. கிடந்த இடத்திலிருந்து பள்ளத்தாக்கு தெரிந்தது. ரேடியோ சட்டைப் பையில்தான் இருந்தது. கூப்பிட்டால் யார் வருவார்கள்? என் படைக்காரர்கள்தான். அன்றைக்குத் தூக்கியவர்களே மறுபடியும் தூக்குவார்கள், அன்பாகத் தூக்குவார்கள், வழியெல்லாம் வேடிக்கை பேசுவார்கள். அதை என்னால் இன்னொரு முறை தாங்க முடியாது. கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து குடிலுக்குத் திரும்பினேன். மிலேனாவிடம் விறகுக்கட்டையில் தடுக்கி விழுந்ததாகச் சொன்னேன். "அந்த விறகுக்கட்டை எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்டாள். பிறகு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

உனக்கு எழுதியிருந்தால் நீ உன் பட்டையைக் குற்றம் சொல்வாய் என்று பயந்தேன். இப்போது சொல்கிறாய்.

இதையும் எழுதிவிடுகிறேன். தினமும் காலையில் நீ என்னை முதுகில் சுமந்து மூன்று மாடி இறக்கி, சிகிச்சைக்குக் கொண்டுபோய், திரும்ப ஏற்றிவிட்டு, வகுப்புக்குப் போகாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாய். ஒரு நாள் போகவே இல்லை. அப்புறம் எந்த நாளும் போகவில்லை. நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. படியில் உன் மூச்சு வாங்குவது என் மார்பில் கேட்கும். அந்தச் சத்தத்திலிருந்து விலகத்தான் நான் மலையேறி வந்தேன். தேர்வு எப்போது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பது வேறெதையும் கேட்க வாய் வராததால்தான்.

அக்டோபர் பத்தாம் தேதி குடில் மூடுகிறது. குளிர்காலத்துக்குத் தங்குவதா என்று அதற்குள் சொல்ல வேண்டும். வசந்தம் வரைக்கும் இங்கே இருந்தால் பிறகு நான் இறங்க மாட்டேன், லோவ்ரோ. எனக்கு என்னைத் தெரியும்.

இன்னொன்று செய்கிறாயா? செய்தால் ஒரு நிபந்தனை. என்னை அழைத்துப் போக வராதே. கீழேயும் நிற்காதே. யாரும் நிற்கக் கூடாது.

குழாய் இன்னும் இருமுகிறதா?

உன்
வீதா


மரிபோர், அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நெசமாவே. நீ?

பெட்டியத் தொற. புதுசு. வெள்ளையா இருக்கும், வேற பிளாஸ்டிக். குளிர்ல விறைக்காதுன்னு டாமியான் பழைய பீரோவுலேருந்து தேடிக் குடுத்தான். இது வேற மாதிரி அமுங்குதுன்னு எல்லா அறையோட செவுரையும் மறுபடி வரைஞ்சேன். பின்பக்க வரிசை செவுரு ஒல்லியாக்கினேன், மூலையெல்லாம் உருட்டி விட்டேன், ஒடசல் அங்கதான் ஆரம்பிக்குது.

குளிர்ல எப்படி சோதிச்சேன்னு கேளு. லேபுல குளிர்ப்பெட்டி கெடையாது. எங்க இருக்கு? கடையில. பூரெக் ஃப்ரீசர், ஆள் உள்ள போற அளவு ரூம். உன் பிளாஸ்டர் காலுக்கு பட்டைய மாட்டி, கைப்பிடி ஒண்ணு வச்சு மடக்கற மாதிரி செஞ்சு, உள்ள நிக்க வச்சேன். நான் கோட்டு தொப்பியோட பக்கத்துல உக்காந்து மடக்கறேன், கதவு தொறக்குது.

"லோவ்ரோ. கீரை பூரெக் பக்கத்துல ஒரு பொம்பள கால் இருக்கு."

"அக்காவோடது பாஸ்."

"மிச்ச அக்கா எங்க?"

"மலை மேல."

கதவ சாத்திக்கிட்டு உள்ள வந்தாரு. அப்புறம் கீரை பூரெக்க எல்லாம் வேற தட்டுக்கு மாத்திட்டு, "சாக்ஸ கழட்டு, சுகாதாரத்துறை வந்தா அதான் கேப்பான்"னாரு. மறுநாளேருந்து நான் மேஜை தொடைக்கறப்ப அவரே உள்ள போய் மடக்க ஆரம்பிச்சுட்டாரு. கஸ்டமர் கிட்ட "இருங்க, ஒரு கால் வேலை இருக்கு"ங்கறாரு.

ஒடையல அக்கா. உறைஞ்சு போய் வெளிய எடுத்து உடனே மடக்கினோம், எடம் குடுத்துச்சு. விரல் பக்கம் அப்படியே கல்லு. ஆனா நான் போன தடவையும் இதே மாதிரிதான் சத்தியம் பண்ணேன். அதனால நீயே பாரு. ராத்திரி பூரா வெளிய பனியில போட்டு வை. காலைல எடுத்து மாட்டிக்கிட்டு கொடிக்கம்பம் வரைக்கும் எறங்கு. அது சரியா இருந்தா மட்டும் மிச்சம். இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு அங்கயே இரு, நான் மூணாவது செய்யறேன். விஞ்சு இல்லன்னா தூக்கிக்கிட்டு ஏறி வர்றேன்.

படிப்பு. உன் காலால நான் விடல. போர் அடிச்சுது. மொதல் வருஷமே விடறதா இருந்தேன், உனக்கு பயந்துக்கிட்டு விடல. நம்பினா நம்பு, நம்பாட்டி போ. மூச்சு வாங்கினது நீ கனம்ங்கறதால. மிலேனா கிட்ட சொல்லி பார்லி கொஞ்சம் கம்மியா போடச் சொல்லு.

டாமியான் பிப்ரவரில ஒரு தேர்வு இருக்குன்னு நச்சரிக்கறான். பாக்கலாம்னு சொன்னேன். போதுமா?

வர மாட்டேன். நிக்க மாட்டேன். சத்தியம். பத்தாம் தேதியும் அதுக்கு அடுத்த நாளும் கடையிலதான் இருப்பேன், காலைலேருந்து மூடற வரைக்கும். தலை நிமிராம இருப்பேன்.

குழாய் இருமுது. ஜன்னல் தொறந்துதான் இருக்கு. மழை வந்துச்சு, தரை நனைஞ்சுச்சு, மூடல.

இங்க நலம்.
லோவ்ரோ


நம் சமையலறை, அக்டோபர் 11, மத்தியானம்

லோவ்ரோ,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். அதை நேரில் விசாரிக்கப் போகிறேன். நான் கடைக்குப் போகிற நேரத்தில் நீ வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்று இந்தச் சீட்டை ரொட்டி மேல் வைக்கிறேன்.

பட்டையை நீ சொன்னபடி பனியில் போட்டு வைத்தேன். காலையில் எடுத்துத் தட்டினால் கண்ணாடி போலச் சத்தம் வந்தது. பயந்துகொண்டே மாட்டினேன். கொடிக்கம்பம் வரைக்கும் போனேன். கொடியை இறக்கி மடித்து மிலேனாவிடம் கொடுத்தேன். அவள், "திரும்பிப் பாக்காம போ, நானும் பாக்கல" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரும்புக் கயிறு கட்டிய பாறையில் நிறைய நேரம் நின்றேன். அதைப் பற்றி எழுத வரவில்லை. கால் இடம் கொடுத்தது. அவ்வளவுதான்.

கீழே யாரும் இல்லை. சிரில் மாமா மட்டும் விஞ்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், எனக்கு முதுகைக் காட்டியபடி. நான் பக்கத்தில் வரும் வரைக்கும் அதே ஒரு சக்கரத்துக்கே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் எண்ணெய். "லோவ்ரோ உங்களைப் பார்க்கச் சொன்னானா?" என்று கேட்டேன். "யாரும் பாக்கச் சொல்லல. பாக்காதீங்கன்னுதான் சொன்னான்" என்றார், இன்னும் திரும்பாமல். மூக்கை உறிஞ்சினார். குளிர் என்றார்.

வெளிச்சம் போயிருந்தது. அவர் வீட்டில் தூங்கி, காலையில் ரயில் ஏறினேன். மேலிருந்து நான் கேட்கிற ரயில்தான். உள்ளே உட்கார்ந்தால் அது கூவுவதே கேட்கவில்லை.

மூன்று மாடி ஏறினேன். யோஷிட்சா பாட்டி கதவைத் திறந்து, "விசில் கேட்டுச்சே, யாரு?" என்றாள். நான் விசில் அடித்தது எனக்கே தெரியாது.

என் ஜன்னலடியில் தரை பாழ். பிளாஸ்டர் கால் கடையிலிருந்து திரும்பி வந்து அங்கேயே நிற்கிறது, மறுபடியும் சிவப்பு சாக்ஸோடு. சாக்ஸை நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. அதற்குக் குளிராது. வீட்டை விட்டுப் போன விடியலில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்ததைத் தவிர, இரண்டு வருஷத்தில் இந்தப் படிகளை நானாக இறங்கியதில்லை. குழாய் இருமுகிறது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குமிழ ரெண்டு கீறலுக்குத் திருப்பிட்டேன். படி எறங்கி வந்துக்கிட்டிருக்கேன்டா. மெதுவாத்தான் வருவேன், கடைய மூடிடாத. தலை நிமிராம "தயிர் வேணுமா"ன்னு கேளு.

வேணும்.